தோப்புக் குட்டைல பாசி மண்டிருச்சா? புல்கெண்டையா, ஜிலேபியா, பால்கெண்டையா, இல்ல ஆள் வெச்சு அள்ளுறதா

நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துல உச்சிப்புளிலேர்ந்து பெரியபட்டினம் வரைக்கும் இப்பல்லாம் தோப்புக்குத் தோப்பு ஒரு குட்டை கெடக்கு. வெட்டுன மொத வருசம் தண்ணி பளிங்கு மாதிரி இருக்கும், பசங்க குதிச்சு ஆடுவானுக, போட்டோ எடுத்து துபாய்ல இருக்குற மச்சானுக்கு அனுப்புவோம். அடுத்த வருசம் அடில கொடிப்பாசி எட்டிப் பாக்கும், அதுக்கடுத்த தை மாசம் பாத்தா மோட்டார் புட்வால்வுல சுத்திக்கிட்டு தண்ணியே ஏறாது. அப்பதான் ஆளாளுக்கு யோசனை சொல்ல வருவாங்க. ஒருத்தர் புல்கெண்டை விடுங்க எல்லாத்தையும் மேஞ்சு தீத்துரும்பாரு, எறால் பண்ணைல வேலை பாத்த பையன் பால்கெண்டைதான் சரிம்பான், பக்கத்துத் தோப்புக்காரர் என்கிட்ட ஜிலேபி மீனு, அதான் திலேப்பியா, நெறைய கெடக்கு ஒரு வாளி அள்ளிட்டுப் போங்கம்பாரு, உரக்கடைல மருந்து டப்பாவ எடுத்து முன்னாடி வெப்பாங்க. இதுல யாரும் பொய் சொல்லல, அவங்கவங்க தண்ணிக்கு அவங்கவங்க சொல்றது சரியாத்தான் இருக்கும், உங்க தண்ணிக்கு எதுங்கறதுதான் கேள்வி. நான் பாத்த வரைக்கும் கடக்கரைப் பக்கம் இத முடிவு பண்றது பாசியே இல்ல, சித்திரை வைகாசில அந்தக் குட்டைல இருக்குற உப்பு.

மொதல்ல புல்கெண்டை என்னன்னு பாத்துருவோம், ஏன்னா பேர வெச்சுக்கிட்டு நெறைய பேரு அத மாடு கணக்கா நெனச்சுருக்காங்க. ஊரு சீனா, ரஷ்யா பக்கம், அமூர் ஆறு யாங்சி ஆறு அந்தப் பகுதி. 1959ல ஹாங்காங்லேர்ந்து குஞ்சா கட்டாக்குக்குக் கொண்டாந்தாங்க, அதுக்கப்புறம்தான் கட்லா, ரோகு, மிர்கால், வெள்ளிக்கெண்டை, சாதாக்கெண்டை கூட இதையும் சேத்து ஆறு ரகம் ஒண்ணா வளக்குற கூட்டு மீன்வளர்ப்பு நாடு பூரா பரவுச்சு. இன்னிக்கி கீழணை, மணிமுத்தாறு மாதிரி எடங்கள்ல இருக்குற அரசு மீன் பண்ணைகள்லேர்ந்தும் தனியார் பண்ணைகள்லேர்ந்தும் நமக்கு வர்றது அந்த வம்சம்தான். வாயில பல்லு இருக்காது, தொண்டைக்குள்ள ரம்பம் மாதிரி பல்லு வரிசை, அதுலதான் தழைய அரைக்கும். வயிறுன்னு தனியா எதுவும் கெடையாது, வெறும் குடல் மட்டும்தான், அதனால தின்னதுல பாதிகிட்ட செரிக்காம பச்சையாவே வெளிய வந்துரும். இந்த விஷயத்த ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி தண்ணி நெறம் மாறுறதுக்கு இதான் காரணம்.

அது திங்கிறத ஒரு தடவ கிட்ட உக்காந்து பாருங்க. நாலு மூங்கிலக் கட்டி சதுரமா ஒரு சட்டம் மெதக்க விட்டு அதுக்குள்ள நறுக்குன புல்லப் போட்டுட்டு சத்தமில்லாம இருந்தா, கொஞ்ச நேரத்துல ஒரு தாள் மட்டும் தனியா நடுங்கும், அப்புறம் நுனியிலேர்ந்து கீழ இழுபட்டுப் போகும், அடுத்தது பக்கத்துல ஒண்ணு, அப்புறம் சட்டமே ஆடும், நறுக் நறுக்குன்னு சத்தம் கரைல நமக்கே கேக்கும். காலைல போனா சட்டத்துக்குள்ள தண்டு மட்டும் கட்டையா மெதக்கும், இலை இருக்காது. அந்தத் தண்ட அள்ளி வெளிய போட்டுரணும், விட்டா அழுகிரும்.

எல்லாப் பச்சையையும் திங்காது. ஹைட்ரில்லா, அதான் தண்ணிக்கு அடில கொடி கொடியா கெளம்பி மேல வந்து பாய் விரிக்குறது, அதுன்னா உசுரு. அசோலா, மேல பச்சைப் பொட்டு பொட்டா மெதக்குற சின்ன இலைப்பாசி, காராப்பாசி, இதெல்லாமும் நல்லா எடுக்கும். ஆனா ஆகாயத்தாமரைய மோந்து பாத்துட்டுப் போயிரும், அல்லி தாமரை தடிச்ச இலை, சம்பு, கோரை இதெல்லாம் முத்திப்போச்சுன்னா தொடாது. நூல் நூலா வழுவழுன்னு கையில சுத்துற பாசியையும் வேற ஒண்ணும் இல்லாத கொறைக்குத்தான் கொஞ்சம் திங்கும், அத நம்பி வாங்காதீங்க. தண்ணியே பச்சையா பெயிண்ட் கலந்த மாதிரி இருக்குன்னா அது புல்கெண்டைக்கு வேலையே இல்ல. அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி குட்டைல எறங்கி ஒரு கைப்பிடி அள்ளி கரைல விரிச்சுப் பாருங்க, தண்டும் இலையுமா இருக்கா, முடி மாதிரி இருக்கா. முடின்னா இந்தக் கட்டுரைல ஜிலேபி பால்கெண்டை பகுதிக்குத் தாவிரலாம்.

இப்ப உப்புக்கு வருவோம், நான் இதுக்குத்தான் எழுத உக்காந்தேன். கடத்தண்ணில லிட்டருக்கு 35 கிராம் உப்பு. கெண்டை வகையெல்லாம் நல்லதண்ணி மீன் (பால்கெண்டை பேருக்குத்தான் கெண்டை, அது வேற ஜாதி), லிட்டருக்கு 2, 3 கிராம் வரைக்கும் பெருசா கண்டுக்காது, 5 தாண்டுனா தீனி கொறையும், வளர்ச்சி அடிவாங்கும், 10 பக்கம் போனா வளந்த புல்கெண்டை கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கலாம், சின்னக் குஞ்சு அதுக்கு முன்னாடியே போயிரும். தாக்குப்பிடிக்கிறது வேற, மேஞ்சு வளர்றது வேறங்க. மீன் உசுரோட இருக்கு ஆனா பாசி அப்படியே இருக்குன்னு சொல்றவங்க குட்டைல நெறைய நேரம் இந்தக் கதைதான்.

நம்ம ஊர்ல பிரச்சனை என்னன்னா குட்டைய எல்லாரும் ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சு மார்கழில வாயில ஊத்திப் பாத்துட்டு நல்லதண்ணி சார்ன்னு முடிவு பண்ணிர்றாங்க. வருசத்துக்கே 800 மில்லிமீட்டர் சொச்சம்தான் மழை, அதுல பாதிக்கு மேல அந்த மூணு மாசத்துல கொட்டிரும், அப்ப எந்தக் குட்டையும் இனிக்கத்தான் செய்யும். அப்புறம் வெயிலும் கடக்காத்தும் உறிஞ்ச ஆரம்பிக்கும், தண்ணி மட்டும்தான் ஆவியாப் போகும், உப்பு எங்கயும் போகாது. மார்கழில அஞ்சடி தண்ணில லிட்டருக்கு 2 கிராம் இருந்துச்சுன்னா வைகாசில ரெண்டடியா வத்துறப்ப அதே உப்பு 5 கிராம் ஆயிரும், இது வெறும் கணக்கு மட்டும், ஊத்து உப்பு சேந்தா இன்னும் ஏறும். தேவிபட்டினம் பக்கம் எங்க சித்தப்பா ஒருத்தர், டிசம்பர்ல டெஸ்ட் பண்ணப்ப நல்லாத்தானேடா இருந்துச்சுன்னு கேட்டாரு. சித்தப்பா மே மாசம் பாத்தீங்களான்னேன். மே மாசம் யாருடா குட்டைப்பக்கம் போவா அந்த வெயில்லன்னாரு. அதான் மேட்டரே.

உச்சிப்புளி, மண்டபம் மணல்ல வெட்டுன குட்டைக்கு இன்னொரு கூத்து இருக்கு. அங்க மணலுக்கு அடில மழைத்தண்ணி ஒரு படலமா உப்புத்தண்ணி மேல மெதந்துக்கிட்டு இருக்கு, தென்னை பொழைக்கிறதே அந்தப் படலத்தாலதான். ஆழமா வெட்டுனா நெறைய தண்ணி நிக்கும்னு ஜேசிபிக்காரன்கிட்ட இன்னும் ரெண்டடி இன்னும் ரெண்டடின்னு சொல்லிக்கிட்டே போனீங்கன்னா படலத்த ஓட்ட போட்டு கீழ இருக்குற உப்ப மேல கூப்பிட்ட கணக்கு. அதே மாதிரி குட்டைலேர்ந்து மோட்டார வெச்சு உறிஞ்சு தள்ளுனாலும் அடில உப்பு ஏறி வரும். மேல் தண்ணிய மட்டும் அள்ளிப் பாத்தா தெரியாது, உப்புத்தண்ணி கனம், அடிலதான் படுத்துக் கெடக்கும். ஒரு பாட்டில்ல கல்லு கட்டி, மூடில தனியா ஒரு கயிறு கட்டி, அடிவரைக்கும் விட்டுட்டு மூடிய இழுத்துத் தொறந்து எடுங்க, மேல் தண்ணி ஒண்ணு அடித்தண்ணி ஒண்ணு ரெண்டையும் அளங்க. ஆர்ஓ மிஷின்காரர் வெச்சுருக்குற, தண்ணில கரைஞ்ச உப்ப அளக்குற டிடிஎஸ் மீட்டரே போதும், 5000 காட்டுச்சுன்னா லிட்டருக்கு 5 கிராம்னு வெச்சுக்கலாம். எறால் பண்ணைல வேலை பாக்குற யாராச்சும் தெரிஞ்சா அவங்ககிட்ட உப்பு பாக்குற ரிப்ராக்டோமீட்டர் இருக்கும், ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துல பாத்தா சொல்லிரும். ஆனா அது லேசான உப்புக்கு அவ்வளவு துல்லியம் இல்ல, நமக்கு வேண்டிய 2க்கும் 5க்கும் நடுவுல டிடிஎஸ் மீட்டர்தான் தெளிவா காட்டும்.

சரி, வைகாசிலயும் 3க்குள்ள நிக்குது, பாசி தண்டும் இலையுமா ஹைட்ரில்லாதான்னு வைங்க. அப்ப போட்டி புல்கெண்டைக்கும் ஆள் வெச்சு அள்ளுறதுக்கும்தான். பத்து சென்ட்டுக்குள்ள சின்னக் குட்டைன்னா நான் ஆள் பக்கம்தான் சாய்வேன். ரெண்டு பேரு எறங்கி மூங்கில்ல முள்ளுக்கம்பி சுத்தி உருட்டி இழுத்தா ஒரு நாள்ல முடியிற வேலை, அள்ளுன பாசிய தென்னம் பாத்தில போட்டா மூடாக்கு. கொறை என்னன்னா ஹைட்ரில்லா அறுந்த துண்டுலேர்ந்தே திரும்ப மொளைக்கும், அடிச்சேத்துல கடலை மாதிரி சின்னக் கிழங்கு வேற வெச்சுருக்கும், குட்டை காஞ்சு வெடிச்சாலும் அது சாகாது, அடுத்த மழைக்கு எந்திரிச்சுரும். அதனால வருசா வருசம் கூலி. இருபது சென்ட் தாண்டுனா அந்தக் கூலிக்கு மீனே மேல்.

மருந்து அடிக்கிறதப் பத்தி ரொம்ப எழுத ஒண்ணுமில்ல. பாசி ஒரேயடியா செத்து அடில அழுகும், அழுகுறப்ப தண்ணில இருக்குற ஆக்சிஜன பூரா இழுத்துக்கும், விடியக்காலம் மீன் மேல வந்து வாயப் பொளக்கும், உச்சிக்குள்ள மெதக்கும். அந்தத் தண்ணிய தென்னைக்குப் பாய்ச்சுறோம், ஆடு குடிக்குது, சில வீட்ல பாத்திரமும் கழுவுறாங்க. வேண்டாம்.

புல்கெண்டைதான்னு முடிவாச்சுன்னா எண்ணிக்கைல ஆசப்படாதீங்க. 30 மீட்டருக்கு 30 மீட்டர் குட்டைன்னா கிட்டத்தட்ட 22 சென்ட், அதுல கூட்டு வளர்ப்பு கணக்குல மொத்தமே 450 மீன்தான் விடலாம், அதுல பத்துல ஒரு பங்கு, ஒரு நாப்பது நாப்பத்தஞ்சு புல்கெண்டை. பாசி மட்டும் அழியணும் மீன் வியாபாரம் வேண்டாம்னா கொஞ்சம் பெருசா அரைக்கிலோ கிட்ட இருக்குற மீனா இருபத்தஞ்சு முப்பது போதும். ரெண்டு விரல் நீளத்துக்கு குஞ்ச மலிவா கெடைக்குதேன்னு வாங்கி விட்டா நீர்க்காகத்துக்கும் விராலுக்கும் அன்னதானம், கம்மா வாய்க்கால்லேர்ந்து தண்ணி எடுத்துருந்தீங்கன்னா விரால் கண்டிப்பா உள்ள இருக்கும். ஒரு சாண் கிட்ட வளந்த விரலியா கேளுங்க. பழைய மீன ஒழிக்கணும்னா தண்ணி கொறைஞ்சு கெடக்குறப்ப இலுப்பைப் புண்ணாக்கு ஊறவெச்சுப் போடுறது நம்ம ஊரு பழைய வழிதான், மூணு வாரம் கழிச்சு வெசம் போனப்புறம் அதுவே ஒரமாவும் ஆயிரும்.

அப்புறம் இந்த மீனு பாசியத் தீத்ததுக்கப்புறம் சோத்துக்கு உங்களப் பாக்கும், இத யாரும் சொல்லித் தர்றதில்ல. ஒரு கிலோ கறி ஏற 30, 40 கிலோ பச்சை வேணும். நாப்பது மீனு அரைக்கிலோலேர்ந்து ஒரு கிலோ ஆகணும்னா இருபது கிலோ கறி, அப்ப 600லேர்ந்து 800 கிலோ பச்சை. கேக்க மலைப்பா இருக்கு, ஆனா தண்ணி விட்டு வளத்தா கம்பு நேப்பியர் புல்லு ஒரு சென்ட்ல வருசத்துக்கு ஒரு டன்னுக்கு மேல அறுக்கலாம், நம்ம மண்ணுக்கும் தண்ணிக்கும் அதுல பாதின்னு வெச்சாலும் கரைல ரெண்டு சென்ட் நட்டா போதும். வாழை இலையும் திங்கும், தோப்புல ஊடுபயிரா வாழை வெச்சுருக்கவங்களுக்கு அதுவே ஆச்சு. புல்லு போடலன்னா பசி வந்து கரையோரம் தண்ணிக்குள்ள தொங்குற அருகம்புல்லையும் வேரையும் கடிச்சு இழுக்கும், மணல் கரைன்னா மெல்ல சரிய ஆரம்பிக்கும்.

தண்ணி நெறம் மாறும்னு சொன்னேன்ல. தின்னதுல பாதி எருவா விழுது, முன்னாடி பாசிக்குள்ள அடங்கிக் கெடந்த சத்தெல்லாம் இப்ப தண்ணில கரையுது, அதனால கொடிப்பாசி போன எடத்துல நுண்பாசி வந்து தண்ணி பச்சையாயிரும். மீன் வளக்குறவனுக்கு அது லாபம், வெள்ளிக்கெண்டையும் கட்லாவும் அந்தப் பச்சையத் தின்னே வளரும், கூட்டு வளர்ப்புல இத சேத்ததே அதுக்காகத்தான். ஆனா பசங்க நீச்சல் அடிக்க கண்ணாடி மாதிரி தண்ணி வேணும்னு நெனச்சு புல்கெண்டை வாங்குனா ஏமாந்துருவீங்க. அந்த ஆசைக்கு ஆள் வெச்சு அள்ளுறது ஒண்ணுதான் வழி.

ஜிலேபிக்கு வருவோம். இதுக்கும் நம்ம மாவட்டத்துக்கும் பழைய சொந்தம், 1952ல பாங்காக்லேர்ந்து மண்டபம் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்குத்தான் இத மொதல்ல கொண்டாந்தாங்க. இப்ப எந்த ஊரணில தூண்டில் போட்டாலும் அதான் மாட்டுது. உப்பு அதுக்குப் பிரச்சனையே இல்ல, கடத்தண்ணிலயே பொழைக்கும், நூல்பாசிய நல்லா மேயும், செலவு பூச்சியம். ஆனா வாய்க்குள்ள குஞ்ச வெச்சுக் காப்பாத்துற ஜாதி, ரெண்டு மூணு மாசத்துலயே முட்டைக்கு வந்துரும், ஒரு வருசத்துல குட்டை பூரா உள்ளங்கை அளவு மீனா ஆயிரமாயிரமா நிக்கும், ஒண்ணும் வளராது, விக்கவும் முடியாது, நீங்க மத்த மீனுக்குப் போடுற தவிட்டையும் அதுவே வழிச்சுத் தின்னுரும். புல்கெண்டை இந்த வம்ப பண்ணாது, அது ஓடுற பெரிய ஆத்துலதான் இனம் பெருக்கும், முட்டை ஓட்டத்துல மெதந்துக்கிட்டே பொரியணும், நின்ன தண்ணில ஒரு குஞ்சு கூட வராது. நீங்க விட்டது எவ்வளவோ அவ்வளவுதான். வேகமா வளரணும்னு தேர்ந்தெடுத்து மேம்படுத்துன கிப்ட் (GIFT) ஜிலேபி ரகம்னு ஒண்ணு இருக்கு, நல்லா வளரும், ஆனா அதுக்கு மீன்வளத்துறைல அனுமதி, பதிவுன்னு மொறை இருக்கு, பக்கத்துத் தோப்பு வாளி மீனு அது இல்ல. என் கணக்குல ஜிலேபிய நாமளா விடத் தேவையில்ல, அதுவா வந்துருச்சுன்னா கொறைக்கிற வழி பாருங்க.

வைகாசில உப்பு 5ஐத் தாண்டுற குட்டை, பத்து பதினஞ்சு காட்டுற குட்டை, அதாவது வாலிநோக்கம், தொண்டி, தேவிபட்டினம் களிமண் பக்கம் கடல் ஓடைத்தண்ணி ஏறுற குட்டைங்க, இங்க புல்கெண்டைய மறந்துருங்க. இங்க ராஜா பால்கெண்டைதான். மழைக்கு இனிச்சாலும் வெயிலுக்கு கடல விட உப்பா ஆனாலும் அதுக்கு ஒண்ணு, அடிச்சேத்து மேல படியிற பாசிப்படலத்தையும் நூல்பாசியையும் வழிச்சு வழிச்சுத் திங்கும், மத்த மீன தொடாது. பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் கரையோரத்துல பங்குனி சித்திரை வாக்குல கண்ணு மட்டும் கருப்பா தெரியிற ஊசி மாதிரி குஞ்சு கெடைக்கும், கண்ணாடி மாதிரி ஒடம்பு, தண்ணில இருக்கா இல்லையான்னே தெரியாது. முன்னாடியெல்லாம் அத நம்பித்தான் பொழப்பு, கெடைச்ச வருசம் உண்டு கெடைக்காத வருசம் இல்ல. 2015ல சென்னை உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் சிபா தொட்டிலயே இனப்பெருக்கம் பண்ண வெச்சதுக்கப்புறம் பொரிப்பகக் குஞ்சும் வாங்க வழி இருக்கு. மடவையையும் சேத்து விடலாம், அதுவும் சேத்துப்பாசி மேயிற சாது. கரிமீனும் இந்தத் தண்ணிக்கு ஆகும், ஆனா மெதுவாத்தான் வளரும். கொடுவா மட்டும் வேண்டாம், வெலை இருக்குதான், ஆனா அது பாசி திங்காது, உங்க பால்கெண்டையத்தான் திங்கும்.

பால்கெண்டை ஹைட்ரில்லாவ அழிக்குமான்னு கேட்டா இல்ல, ஆனா அந்த அளவு உப்புல ஹைட்ரில்லாவே தழைக்காது, அங்க வர்றது நூல்பாசிதான், அதனால கணக்கு சரியாப் போயிருது.

3க்கும் 5க்கும் நடுவுல ஊசலாடுற குட்டைதான் தலவலி, நம்ம பக்கம் பாதி குட்டை அப்படித்தான் இருக்கு. இதுக்கு நான் சொல்றது, புல்கெண்டைய வருசம் பூரா வெச்சுக்கணும்னு நெனைக்காம மழை முடிஞ்ச கையோட பெரிய விரலியா விட்டு, உப்பு ஏறுறதுக்கு முன்னாடி சித்திரைல அள்ளிருங்க. நாலஞ்சு மாசம், நல்லா பச்சை கெடைச்சா அரைக்கிலோ பக்கம் வந்துரும். இதுல இன்னொரு கணக்கும் இருக்கு, அது விக்கிற கணக்கு. நம்ம கடக்கரை ஆளுக வாய் தெரியும்ல, நகரையும் ஊளியும் சீலாவும் கரைல வந்து எறங்குற ஊர்ல கெண்டைய எவன் தொடுவான், முள்ளு, சேத்து வாடைன்னு மூஞ்சியச் சுளிப்பாங்க. ஆனா ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு தடைக்காலம், நாட்டுப்படகு மீனு மட்டும்தான், வெலை எகிறும், அப்ப உசுரோட துள்ளுற கெண்டைக்கு மார்க்கெட்டே வேற. பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி பக்கம் ஆளுக கம்மா மீனு தின்னு பழகுனவங்க, அங்க எப்பவுமே போகும், ஆனா அந்த ரெண்டு மாசம் ராமநாதபுரத்துலயே கேட்டு வருவாங்க. குட்டையும் அப்பதான் வத்தும், வலை போடவும் சுலபம். பிடிக்கிறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி தீனி நிறுத்தி, நல்ல தண்ணித் தொட்டில ஒரு நாள் விட்டு வெச்சீங்கன்னா சேத்து வாடையும் கொறையும்.

தப்பிச்சு ஓடுறதப் பத்தியும் சொல்லணும். ஐப்பசி மழைல குட்டை வழிஞ்சுச்சுன்னா புல்கெண்டை ஓட்டத்த எதுத்து எம்பிக் குதிக்கும், மறுகால் வாயில வலை கட்டலன்னா பாதி போயிரும். போறது கம்மாய்க்குத்தான போகுதுன்னு விட்றாதீங்க, அங்க மீன் பிடிக்கிற குத்தகை எடுத்தவருக்கு வேணா சந்தோசமா இருக்கும். ஆனா நம்ம மாவட்டத்துல சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கால்னு நாலு கம்மா, உலக அளவுல முக்கியமான ஈரநெலங்களோட ராம்சார் பட்டியல்ல இருக்கு, அங்க வர்ற வாத்து, தாழைக்கோழியெல்லாம் அந்தத் தண்ணிச்செடிய நம்பித்தான் வருது, நாட்டு மீனு முட்டை ஒட்டுறதும் அதுலதான். அமெரிக்காவுல 1963ல இத கொண்டு போயி கொஞ்ச வருசத்துலயே வெளித்தண்ணில தப்ப விட்டுட்டாங்க, இப்ப அங்க நெறைய மாநிலத்துல சொந்தக் குட்டைக்கே மலட்டு மீனுதான், அதுவும் பெர்மிட் வாங்கித்தான் விடணும். நமக்கு விக்கிறது எல்லாம் மலட்டு ரகம் இல்ல. நம்ம கம்மாய்ல அது பெருகாதுங்கறது ஒரு ஆறுதல், ஆனா ஒரு மீனே பல வருசம் இருந்து பத்து கிலோவுக்கு மேல வளரக்கூடிய ஜாதி, அது பெருகாமலே நெறைய மேஞ்சுரும்.

வாங்கப் போறவங்களுக்கு ரெண்டு விஷயம். குஞ்சு வாங்குறப்ப அவங்க தொட்டித் தண்ணியோட டிடிஎஸ்ஸ கேளுங்க, இல்ல மீட்டரக் கையோட கொண்டு போங்க. அங்க 300, உங்க குட்டைல 2500னா ஆக்சிஜன் பைய அப்படியே கொட்டுனா அதிர்ச்சில குஞ்சு சாகலாம். பைய கால் மணி நேரம் தண்ணில மெதக்க விட்டு சூடு சமமானப்புறம், வாயத் தொறந்து குட்டைத் தண்ணிய டம்ளர் டம்ளரா ஒரு மணி நேரத்துக்காவது ஊத்திக்கிட்டே இருந்து அப்புறம் பைய சாச்சு அதுங்களா நீந்திப் போக விடுங்க. காலைல சீக்கிரம் இல்ல சாயங்காலம், மத்தியான வெயில்ல வேண்டாம். அப்புறம் விக்கிறவர் எல்லாத்தையும் கலந்து கூட்டா ஒரு பைல தர்றேன்னா ஒத்துக்காதீங்க, புல்கெண்டைய தனிப் பைல எண்ணி வாங்குங்க, சின்னதுல மிர்காலும் அதுவும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், நாப்பதுக்கு காசு குடுத்து பத்து புல்கெண்டையோட வீடு வந்து சேந்தா அப்புறம் பாசி ஏன் கொறையலன்னு மீன் மேல பழி போட வேண்டி வரும்.